செயலியில் வெல்கிறேன், கடையில் தோற்கிறேன்

கனடா, ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 34. எட்டு மாதமாகப் போக்கிமான் அட்டை விளையாட்டைக் கைபேசிச் செயலியில் விளையாடுகிறேன். பெரும்பாலும் வெல்கிறேன். போன மாதம் பக்கத்துக் கடையொன்றில் நடந்த லீக் சேலஞ்ச் போட்டிக்குப் போனேன். நான்கு சுற்றில் இரண்டு தோல்வி. மற்ற இரண்டிலும் நான்தான் முன்னால் நின்றேன், ஆனால் நேரம் முடிந்து சமநிலை ஆகிவிட்டது. டெக் (ஆடக் கொண்டுபோகும் 60 அட்டைக் கட்டு) பட்டியலில் பிழை என்றும் சொன்னார்கள். அடுத்த போட்டிக்கு நான்கு வாரம் இருக்கிறது. வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். விலை கூடிய அட்டைகள் வாங்கினால்தான் சரிவருமா?"

வாங்க வேண்டாம். உங்கள் பிரச்சினை அட்டையில் இல்லை, கையில் இருக்கிறது.

செயலி உங்களுக்காக எத்தனை வேலை செய்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். டெக்கைக் கலைத்துப் போடுகிறது. அதிலிருந்து ஆறு பரிசு அட்டைகளைக் கவிழ்த்து எடுத்து வைக்கிறது (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பவை, ஆறையும் எடுத்தால் வெற்றி). இப்போது எந்த அட்டையைப் போடலாம் என்று ஒளிரவிட்டுக் காட்டுகிறது. அடி எவ்வளவு என்று கூட்டிக் கழிக்கிறது. விஷம் ஏறிய போக்கிமானுக்கு ஒவ்வொருவர் முறை முடிவிலும் மறக்காமல் அடி வைக்கிறது. கடை மேசையில் இத்தனையையும் நீங்களே செய்ய வேண்டும். அதுவும் ஓர் ஆட்டத்துக்கான முப்பது நிமிடத்தை எதிராளியோடு பங்கு போட்டுக்கொண்டு. உங்கள் பங்கு பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் எட்டு மாதம் பழகியது உங்கள் மூளை. கை இன்னும் பழகவில்லை.

இந்தப் போட்டியில் வேகம் ஏன் முக்கியம் என்பதைப் புள்ளிக் கணக்கே சொல்லும். லீக் சேலஞ்ச் என்பது உலகப் போட்டி வரை போகும் ஏணியின் அடிப்படி. சுவிஸ் முறையில் நடக்கும், தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றும் இல்லை. இரண்டு ஆட்டத்தைச் சமன் செய்தால் 2 புள்ளி. அதே இரண்டில் ஒன்றை வென்று மற்றதைத் தோற்றிருந்தால் 3. நேரம் முடிந்ததும் நடந்துகொண்டிருக்கும் முறையை (ஒருவர் ஆடும் வாய்ப்பை) முடித்து, இருவருக்குமாக மேலும் மூன்று முறை ஆடவிடுவார்கள். அதற்குள் யாரும் வெல்லாவிட்டால் சமன்தான். நீங்கள் எத்தனை பரிசு அட்டை கூடுதலாக எடுத்திருந்தாலும் அதற்கு மதிப்பு இல்லை.

சரி, நான்கு வாரத்தில் என்ன செய்யலாம்?

செயலியில் எந்த டெக்கை வைத்து ஆடுகிறீர்களோ அதையே மேசைக்கும் கொண்டுபோங்கள். கையில் இல்லாத அட்டைகளைத் தனித்தனியாக விலைக்கு வாங்குங்கள். பாக்கெட் பிரித்து டெக் கட்டுவது, லாட்டரிச் சீட்டு வாங்கி வீடு கட்டுவது மாதிரி. 'லீக் பாட்டில் டெக்' என்று பெட்டியாகவே விற்பதை வாங்கி இரண்டு மூன்று அட்டைகளை மாற்றிக்கொள்வதும் கெட்ட யோசனை இல்லை. ஒவ்வொரு அட்டையின் கீழ் இடது மூலையிலும் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கும். அந்தப் பருவத்தில் எந்த எழுத்துகள் செல்லும் என்று போட்டிக்கு முன் பாருங்கள், ஆண்டுதோறும் பழையவை விலக்கப்படுகின்றன. உலக சாம்பியன்களின் டெக் என்று மலிவாக விற்கும் பெட்டி உங்கள் கண்ணில் படலாம். அந்த அட்டைகளின் பின்புறமே வேறு, எந்தப் போட்டியிலும் செல்லாது.

முதல் வாரம் ஆளே தேவையில்லை. டெக்கைக் கலையுங்கள், ஏழு அட்டை எடுங்கள், ஆறு பரிசை ஒதுக்குங்கள், இரண்டு முறை ஆடி நிறுத்துங்கள். எண்ணியபடி மேசை அமைந்ததா இல்லையா என்று ஒரு கோடு. பிறகு மறுபடி கலையுங்கள். ஒரு இரவில் பத்துப் பன்னிரண்டு தடவை செய்யலாம். இருபது முப்பது கோடு சேர்ந்ததும் டெக் தன் குறையைத் தானே காட்டும்.

அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஆட்டத்தைத் தொடங்க, நேரடியாக மேசையில் வைக்கக்கூடிய 'பேசிக்' போக்கிமான் ஒன்றாவது கையில் வேண்டும். அறுபது அட்டையில் எட்டே பேசிக் போக்கிமான் இருந்தால், முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் போக ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு. பன்னிரண்டு இருந்தால் அது 19 ஆகக் குறையும். ஒன்றும் வராதபோது கையைக் காட்டி மறுபடி கலைக்க வேண்டும், எதிராளி ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அதில் போகும் நேரமும் உங்கள் முப்பது நிமிடம்தான். நான்கு பிரதி வைத்த அட்டைகூட முதல் ஏழில் வர 40 சதவீத வாய்ப்புதான். 'எனக்கு மட்டும் வருவதே இல்லை' என்று புலம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் வராது என்பதே கணக்கு.

இனி, நான் மிகவும் வலியுறுத்தும் பயிற்சி. ஒரே ஒரு பிரதி வைத்த அட்டை பரிசுக்குள் போய் மாட்டிக்கொள்ள பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அது அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை நம்பித் திட்டம் போட்டவர் நாலாவது முறையில் விழிப்பார். அதனால் டெக்கைத் தேடிப் பார்க்கக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பத்திலேயே எவை இல்லை என்று கண்டுபிடித்துவிட வேண்டும். வீட்டில் பழகுவது சுலபம். ஆறு பரிசு, ஏழு கை. மீதி 47 அட்டையையும் விரித்து, பரிசில் இருக்கும் ஆறையும் தாளில் எழுதுங்கள், திருப்பிப் பாருங்கள். முதல் நாள் மூன்று நிமிடம் எடுக்கும், பாதி தப்பாக இருக்கும். மனம் தளர வேண்டாம். அறுபதையும் எண்ணாதீர்கள். இல்லாவிட்டால் ஆட்டம் கெடும் என்ற எட்டுப் பத்து அட்டைகளை மட்டும் ஒரே வரிசையில் தேடுங்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் முந்நூற்றிநாலு சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. எந்தத் துரும்பு விழுந்துவிட்டது, எது இன்னும் வெளியே நிற்கிறது என்று மனதில் வைத்திருப்பீர்களே, அதே வேலைதான்.

இரண்டாம் வாரத்திலிருந்து எதிரில் ஒரு டெக் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் நீங்களே ஆடுங்கள். கைபேசியில் முப்பது நிமிடம் வையுங்கள். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள்: "இதைப் போடுகிறேன், டெக்கைத் தேடுகிறேன், கலைக்கிறேன், வெட்டுங்கள்." கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வாய் சொன்னால் கை தப்பாது, எதிராளிக்கும் சந்தேகம் வராது. நேரத்தைத் தின்பது பெரிய முடிவுகள் அல்ல, கலைப்பதும் தேடுவதும்தான். எதிராளி ஆடும்போதே உங்கள் அடுத்த முறையை யோசித்து வைத்தால் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடமாவது மிஞ்சும்.

எல்லா டெக்கையும் படிக்க உங்களுக்கு நேரமில்லை. அந்தக் கடையில் போன தடவை பார்த்த மூன்று நான்கை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எண்களை மட்டும் மனதில் வையுங்கள். உதாரணமாக டிராகபல்ட் எக்ஸ் என்ற போக்கிமான். அதன் உயிர், அதாவது தாங்கும் அடி, 320. 'ஃபான்டம் டைவ்' தாக்குதல் முன்னால் நிற்பதற்கு 200, அதோடு பின்வரிசையில் அவர் விரும்பியபடி பிரித்து வைக்க ஆறு கவுன்டர், அதாவது 60. இது தெரிந்தவர் 60 உயிருள்ள குட்டிகளைப் பின்வரிசையில் நிரப்பமாட்டார். தெரியாதவர் ஒரே அடியில் இரண்டு போக்கிமானை இழந்துவிட்டு 'இவனுக்கு அதிர்ஷ்டம்' என்பார். நாணயம் சுண்டும் முன்பே முதலில் ஆடுவதா, இரண்டாவதா என்றும் முடிவு செய்து வையுங்கள். முதலில் ஆடுகிறவர் தன் முதல் முறையில் தாக்க முடியாது, சப்போர்ட்டர் என்ற உதவி அட்டையும் போட முடியாது. உங்கள் டெக்குக்கு எது சாதகம் என்பதை வீட்டுக் கோடுகளே சொல்லும்.

கடைசி வாரம் டெக்கைத் தொடாதீர்கள். யாரோ எங்கோ வென்ற பட்டியல் கண்ணில் படும், கை அரிக்கும். போட்டி முடிந்த மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியல் பிழை பற்றிச் சொல்லியிருந்தீர்கள். நானும் ஒரு தடவை 59 அட்டைக்குப் பட்டியல் கொடுத்துவிட்டு அசடு வழிந்தவன்தான். முதல் நாள் இரவே எழுதுங்கள். டெக்கை மேசையில் விரித்து, அட்டையைப் பார்த்து எழுதுங்கள், செயலியைப் பார்த்து அல்ல. போக்கிமான் அட்டைகளுக்குப் பெயரோடு தொகுதிக் குறியும் எண்ணும் வேண்டும். கூட்டினால் 60 வர வேண்டும். எல்லா அட்டைக்கும் ஒரே மாதிரி, பின்புறம் தெரியாத புது உறை போடுங்கள். பளபளக்கும் ஃபாயில் அட்டைகள் வளையும் என்பதால் சில நாள் முன்பே கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். வளைந்த அட்டையை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், நடுவர் அதை அடையாளமிட்ட அட்டை என்றுதான் பார்ப்பார். பையில் உதிரி உறை, அடிக்கு டைஸ், சுண்டுவதற்கு வேறு நிறத்தில் தனி டைஸ், விஷம், தீப்புண் அடையாளங்கள், பிளேயர் ஐடி எண், தண்ணீர், சாப்பிட ஏதாவது.

கடைக்கு முன்கூட்டியே பேசி, ஒரு சுற்றுக்கு ஒற்றை ஆட்டமா, மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டுமா என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு என்றால் 50 நிமிடம் கிடைக்கும், ஆனால் வேறு திறமை ஒன்று தேவைப்படும்: தோற்கப்போகும் முதல் ஆட்டத்தைச் சீக்கிரம் விட்டுக்கொடுப்பது. நம்மில் பலருக்கு அது வராது. கடைசி அட்டை வரை இழுத்துத் தோற்றுவிட்டு, இரண்டாவதை வென்று, மூன்றாவதுக்கு நேரமில்லாமல் நிற்போம்.

எதிராளி வேண்டுமென்றே இழுக்கிறார் என்று தோன்றினால் சண்டை போடாமல் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள். விதி தெரியாவிட்டாலும் அதேதான். சிறிய போட்டிகளில் எல்லா வயதினரையும் சேர்த்தே ஆடவிடுவதுண்டு. பத்து வயதுப் பிள்ளை எதிரில் உட்கார்ந்தால் இரக்கப்படாதீர்கள், பெரும்பாலும் அவர்களுக்கு உங்களைவிட வேகமாகக் கலைக்கத் தெரியும்.

இரண்டு சுற்று தோற்றாலும் வீட்டுக்குக் கிளம்பாமல் கடைசிவரை இருங்கள். சுவிஸ் முறையில் ஒரே புள்ளியில் இருப்பவர்களைத்தான் எதிரெதிரே உட்காரவைப்பார்கள். கடைசிச் சுற்றில் உங்களுக்கு வருபவர் கிட்டத்தட்ட உங்கள் நிலையிலேயே, அதே ஊரில், பயிற்சிக்கு ஆளில்லாமல் இருப்பவராக இருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் தொலைபேசி எண் கேளுங்கள்.