நாலாம் மாதம் ஏன் கிளம்பிவிடுகிறார்கள்?

கேள்வி: புளியந்தோப்பு, வியாசர்பாடி பகுதிகளில் குழந்தைகள் பாதுகாப்புப் பணி செய்யும் சின்ன தொண்டு நிறுவனம் எங்களுடையது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தவர்களை எடுத்துப் பழக்குகிறோம். நாலைந்து மாதத்தில் விலகிவிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு பாண்டு எழுதி வாங்கலாமா?
– ஒருங்கிணைப்பாளர், பெரம்பூர்

பாண்டு வேண்டாம். மனசு விட்டுப்போனவரைக் கையெழுத்தால் பிடித்துவைத்தால் நாற்காலிதான் நிரம்பும். கேஸ் பார்க்கிற இடத்தில் அது குழந்தைக்குத்தான் ஆபத்து.

உங்கள் வேலை விளம்பரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 'பிஞ்சுகளின் வாழ்வில் ஒளியேற்ற வாருங்கள்' ரகமாக இருக்கும். நானும் அப்படி எழுதியவன்தான். அதை நம்பி வருகிற பெண் முதல் வாரமே எதைப் பார்க்கிறாள்? ராத்திரி சென்ட்ரல் ஸ்டேஷனில் தனியாக நின்ற பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். அதற்குள் காவல் நிலையம், மருத்துவப் பரிசோதனை, எல்லா இடத்திலும் காத்திருப்பு. பையனோ மூன்று தடவை மூன்று பெயர் சொல்வான். அப்புறம் 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை. (நம் ஆட்களிடம் எஸ்.ஐ.ஆர். என்றால் இதுதான், வாக்காளர் பட்டியல் திருத்தம் இல்லை.) அதற்காக ஹவுசிங் போர்டில் மூன்று மாடி ஏறினால், "எம்புள்ளய பிரிக்க வந்துட்டியா?" என்று தெருவே கூடுகிற மாதிரி அம்மா கத்துவார். அவ்வளவும் செய்து வீடு சேர்த்த பையன் மறுபடியும் ரயிலேறிவிடுவான். இதில் ஒன்றைக்கூட நாம் நேர்காணலில் சொல்லவில்லை.

சேரும் முன்பே உள்ளதை உள்ளபடி காட்டிவிடும் முறை, அதாவது வேலை முன்னோட்டம், புதிதல்ல. ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கத் தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களைப் பற்றியது. சிலருக்கு வழக்கமான இனிப்புப் படம், சிலருக்கு அலுப்பையும் கெடுபிடியையும் மறைக்காத படம். உண்மையைப் பார்த்தவர்கள் ஓடிவிடவில்லை. எதிர்பார்ப்பு தரைக்கு வந்தது, விலகும் எண்ணமும் குறைந்தது. அங்கே பல மாநிலங்களின் குழந்தைகள் நலத் துறைகள் இப்போது இதற்கென்றே வீடியோ வைத்திருக்கின்றன. ஆனால் மந்திரமில்லை, பின்னால் வந்த ஆய்வுகள் பலன் மிதமானது என்றுதான் சொல்கின்றன.

உங்களுக்கு வீடியோ தேவையில்லை. முன்னோட்டத்துக்கு ஒரு முழு நாள் போதும். பேச வேண்டியவர் நீங்கள் இல்லை. உங்களிடம் ஒன்றிரண்டு வருடம் தாக்குப்பிடித்த ஊழியர். அவர் பேசும்போது நீங்கள் அறையில் இருக்காதீர்கள். முடிந்துபோன இரண்டு மூன்று கேஸ்களைக் கலந்து, யாரென்று தெரியாதபடி ஒரு கேஸ் தயாரித்து, வேலை தேடி வந்தவரை அதற்கு அறிக்கை எழுதச் சொல்லுங்கள். எழுத்து வேலை எவ்வளவு என்று அப்போதுதான் உறைக்கும். உண்மையான குழந்தையையோ ஃபைலையோ காட்டவே கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடத் தடை போடுகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கட்டும், வேலை தேடி வந்தவருக்குக் காட்டும் காட்சிப்பொருளா குழந்தை?

சம்பளத்தை 'தகுதிக்கேற்ப' என்று மழுப்பாமல் எண்ணாகச் சொல்லுங்கள். ஃபண்ட் தாமதமாகும் மாதங்களையும் சேர்த்து. அதற்காகப் பயமுறுத்தும் படலமாகவும் ஆக்கிவிடாதீர்கள். பேசவே மாட்டேன் என்றிருந்த பிள்ளை ஒருநாள் தானாக வந்து "அக்கா, சாப்டியா?" என்று கேட்பதும் இந்த வேலையில் நடப்பதுதான், அதையும் அந்த ஊழியர் சொல்லட்டும். பிறகு இரண்டு நாள் யோசிக்க விடுங்கள். வேண்டாம் என்பவருக்கு நன்றி சொல்லி அனுப்புங்கள்; நாலு மாதப் பயிற்சிச் செலவு மிச்சம்.

மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா போன்ற இடங்களிலிருந்து களப்பணிக்கு வரும் மாணவர்களைப் போஸ்டர் ஒட்டவும் போட்டோ எடுக்கவும் மட்டும் வைத்திருக்கிறீர்களா? நிஜ வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க விட்டால், அவர்களுக்குத் தனியாக முன்னோட்டமே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் தலையில் தாங்க முடியாத அளவு கேஸ், போக்சோ வழக்கில் ஒரு குழந்தையின் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு வந்தவரோடு உட்கார்ந்து பேச ஆளில்லை என்றால், முன்னோட்டம் உதவாது. 'இதை எப்படி வெளியே சொல்வது' என்று உங்களுக்கே எது கூசுகிறதோ, முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். வாரம் ஒரு மணி நேரம், கேஸ் கணக்கு கேட்காமல், ஊழியர் பேச, மூத்தவர் ஒருவர் கேட்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? கடைசியாக விலகிய மூன்று பேருக்கு போன் போடுங்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் மேற்படிப்பு, கல்யாணம் என்று மரியாதைக்குச் சொல்வார்கள். "சேருவதற்கு முன்னாடி நான் எதைச் சொல்லியிருக்கணும்?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.