தாழியில் கிடைத்த பற்களில் பால் தெளிக்கலாமா?

கேள்வி: பண்ருட்டிக்கு அருகே எங்கள் முந்திரித் தோப்பில் பள்ளம் எடுத்தபோது, உடைந்த முதுமக்கள் தாழி ஒன்றும் அதனுள் பற்களோடு ஒரு கீழ்த்தாடையும் கிடைத்தன. பற்களில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கழுவி, பால் தெளித்து, மறுபடியும் புதைத்துவிடும்படி பெரியவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கழுவ வேண்டாம், பால் கண்டிப்பாக வேண்டாம். சஞ்சயனத்தன்று எலும்பின்மேல் பால் தெளிப்பது நம் வழக்கம் என்பதால் பெரியவர்கள் சொன்னதில் குறையில்லை. ஆனால் இத்தகைய பற்களில் ஆய்வாளர்கள் முதலில் தேடுவதே பாலைத்தான்.

கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில், ஈறு இருந்த விளிம்பையொட்டி மண் போலத் தெரியும் படிவம் பெரும்பாலும் பற்காரையாக இருக்கும். நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரப்பதால் அங்கேதான் அது அதிகம் சேரும். பல் மருத்துவர் சுரண்டியெடுப்பதும் இதையே. பல்லில் படியும் பாக்டீரியாப் படலம் உமிழ்நீரிலுள்ள கால்சியத்தால் இறுகும்போது, உண்ட உணவின் புரதத் துணுக்குகளும் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. நம் ஊர் வெக்கையில் டி.என்.ஏ. சிதைந்த பிறகும் புரதம் தாக்குப்பிடிக்க வாய்ப்புண்டு.

ஆய்வகத்தில் சில மில்லிகிராம் காரையைக் கரைத்து, புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்கி, அத்துண்டுகளின் நிறையை நிறை நிறமாலைமானியில் அளந்து, ஏற்கெனவே அறியப்பட்ட புரதங்களோடு ஒப்பிடுகிறார்கள். அடிக்கடி அகப்படுவது பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற பால் புரதம். தாய்ப்பாலில் அது கிடையாது. எனவே அது இருந்தால் கால்நடைப் பால்தான், துண்டு நன்றாகக் கிடைத்தால் மாடா ஆடா என்பதும் தெரியும். இஸ்ரேலிலுள்ள மெகிதோவில், கி.மு. 2-ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த பற்காரையில் மஞ்சளின் புரதம்கூடக் கிடைத்திருக்கிறது. இருந்தாலும் கிடைக்கும் புரதங்களில் பெரும்பகுதி வாயில் வாழ்ந்த பாக்டீரியாக்களுடையதும் அந்த மனிதருடையதுமே. பாலின் தடயம் இல்லையென்பதால் அவர் பாலே குடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

புதுச்சேரிக்கு அருகே சுத்துக்கேணியில் ஈமச்சின்னங்களைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் அகழ்ந்த 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்படியொரு சோதனையே கிடையாது. இன்று இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. பிரஷ்ஷால் தேய்ப்பதும் பசை போட்டு ஒட்டுவதும் கூடாது; டீ குடித்த கையோடு தொட்டால்கூட இன்றைய பால் அந்தப் பல்லில் ஏறிவிடும். தாழியை இருந்த இடத்திலேயே விட்டு, பள்ளத்தின்மேல் தார்ப்பாய் போட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். வெளியே வந்துவிட்ட தாடையைப் புதிய கையுறையோடு எடுத்து, புது அலுமினியத் தாளில் தளர்வாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் நிழலில் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தாழிக்குள் இருந்த மண்ணிலும் ஒரு பிடி தனியே வேண்டும். மண்ணிலிருந்து வந்த புரதம் எது என்று பிரித்தறிய அதுவே துணை.

பெரியவர்கள் தள்ளி நின்று விளக்கேற்றிக் கும்பிடட்டும். அதற்குள் யாராவது பால் தெளித்துவிட்டிருந்தால், கழுவிச் சரிசெய்ய முயலாமல், பசும்பாலா ஆட்டுப்பாலா, எந்தப் பக்கத்துப் பற்களில் பட்டது என்பதை எழுதி வைத்து, வரும் தொல்லியல் துறையினரிடம் கொடுங்கள்.