வெட்டவெளியை நம்பாதீர்கள்

கேள்வி: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் முதன்முறையாக கோல்ஃப் ஆடப்போகிறேன். மரங்கள் சூழ்ந்த, மெத்தென்ற புல்தரையில் ஆடியே பழக்கம். 18 ஹோல்களில் (ஆட்டப் பகுதிகளில்) எவற்றில் எச்சரிக்கை தேவை?

பதில்: முதல் டீயில், அதாவது முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்கும்போது, இதற்கா இவ்வளவு பேச்சு என்றுதான் தோன்றும். மரமே இல்லாத பரந்த வெளி. ஏமாந்துவிடாதீர்கள்.

12-வது ஹோலையே எடுத்துக்கொள்ளுங்கள். டீயிலிருந்து பார்த்தால் ஃபேர்வே எனும் நடுப் புல்தடம் காலியாகக் கிடக்கும். பந்தை நடுவில் அடித்துவிட்டு நிம்மதியாக நடப்பீர்கள். கடந்துபோய்த் திரும்பினால்தான், மேட்டுக்குப் பின்னால் பங்கர்கள் எனும் மணற்குழிகள் வாய் பிளந்திருப்பது தெரியும். ஒரு காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள். அப்படி வந்தவர்களுக்கு அவை கண்ணெதிரே இருந்தன. இங்கே மொத்தம் 112 பங்கர்கள். கேடி (பையைச் சுமந்து வழிசொல்பவர்) வைத்துக்கொள்வதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடியுங்கள். கிளம்பிப் போகும் பாதியில் வலப்பக்கம் முட்புதர், திரும்பி வரும் பாதியில் எல்லைக்கோடு (தாண்டினால் தண்டம்). 14 ஹோல்கள் இரண்டிரண்டாக, குழியும் கொடியும் இருக்கும் புல்தரைகளான ஏழு கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜோடி எண்களைக் கூட்டினால் 18 வரும். ஒரே கிரீனில் இரண்டு கொடிகள் இருக்கும்; ஆகவே உங்கள் கொடியைச் சரிபார்த்துவிட்டு அடியுங்கள்.

அடியில் மணல் என்பதால் தரை கெட்டி. உயரத் தூக்கி கிரீனில் இறக்கினால் பந்து நிற்காமல் பின்பக்கம் ஓடிவிடும். முன்னாலேயே விழச்செய்து உருளவிடுங்கள். கிரீனுக்கு இருபது யார்டு வெளியே இருந்தாலும் கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரை எடுக்கலாம்; யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உண்மையான பயம் 17-வதுதான். பெரிய போட்டிகளில் 495 யார்டு, பார் 4 (நான்கு அடியில் முடிப்பதே கணக்கு). கிரீனின் இடது முன்பக்கத்தைக் கடித்தபடி ஆழமான பங்கர். பின்னால் சாலை, அதற்கப்பால் கற்சுவர். இங்கு மட்டும் இடப்பக்க விதியை மறந்துவிடுங்கள். 1978 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜப்பானிய வீரர் நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து பட்டரால் தட்டிய பந்து சரிவில் வழுக்கி அந்தப் பங்கருக்குள் விழுந்தது. ஹோலை முடிக்க ஒன்பது அடி ஆனது. நீங்கள் இரண்டாவது அடியை வலது முன்பக்கம் குறைவாக நிறுத்தி, ஐந்தில் முடிக்கப் பாருங்கள்.

ஞாயிறன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரார் மைதானத்தில் உலாவுவார்கள். முடிந்தால் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்து, மறுநாள் 12-வது ஹோலை கிரீனிலிருந்து டீ வரை பின்னோக்கி நடந்து பாருங்கள்.