உடல் வசந்தத்துக்காகக் காத்திருப்பதில்லை

கேள்வி: வசந்த காலத்தில் உடல் இயல்பாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்றும், அதற்குத் துணையாகப் பத்து நாள்கள் பழச்சாறு மட்டும் அருந்தி, குடல் சுத்திப் பொடியும் உட்கொண்டால் குளிர்காலத்தில் சேர்ந்த நச்சுகள் வெளியேறிவிடும் என்றும் முழுமைநலப் பயிற்சியாளர் ஒருவர் கூறுகிறார். நான் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவருகிறேன். இதைச் செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. உணவைக் குறைக்கும்போது சில வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகள் இரத்தச் சர்க்கரையை மயக்கம் வரும் அளவுக்கு இறக்கிவிடும். அதே பழச்சாறு, நார்ச்சத்து நீங்கிய இனிப்பு நீராக உள்ளே போவதால், குடித்த சிறிது நேரத்தில் அதைக் கிடுகிடுவென ஏற்றவும் செய்யும். நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் பத்து நாள் திட்டத்தை எழுதிக் கொடுப்பவர் எந்த முழுமையைப் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

புதுப்பித்தல் நடப்பது உண்மைதான். ஆனால் அதற்கும் பருவத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. குடலின் உட்புறச் சவ்வில் உள்ள செல்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள்களில் உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வருகின்றன. சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள்கள். சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மார்கழியிலும் இதே வேலைதான், சித்திரையிலும் இதே வேலைதான். பல்லின் எனாமலோ எந்தப் பருவத்திலும் மீண்டும் வளர்வதில்லை.

குடல் சுத்திப் பொடிகளை உட்கொண்டவர்கள், கயிறு போன்ற கரிய அழுக்கு வெளியேறியதாக வியந்து கூறுவதுண்டு. அப்பொடிகள் பலவற்றில் இசப்கோல் உமியும் ஒருவகைக் களிமண்ணும் கலந்திருக்கும். இவ்விரண்டும் நீரை உறிஞ்சி உப்பி, குடலின் வடிவத்திலேயே இறுகி வெளிவருவதைத்தான் அவர்கள் பல ஆண்டு அழுக்கு என்று எண்ணிக்கொள்கிறார்கள். காசு கொடுத்து விழுங்கியதே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். எடை இரண்டு கிலோ குறைவதும் பெரும்பாலும் நீரிழப்பே.

இதற்கு மரபின் பெயரைச் சொல்வதும் பொருந்தாது. குளிரில் சேர்ந்த கபம் வசந்தத்து வெயிலில் இளகி, செரிமானத்தைக் கெடுக்கும் என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை கூறுவதும், அப்பருவத்துக்கு வாந்தி முதலிய சுத்தி முறைகளை விதிப்பதும் மெய்தான். ஆனால் அதே நூல் வசந்தத்தில் இனிப்பையும் புளிப்பையும் பகலுறக்கத்தையும் தவிர்த்து உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. நோயாளியின் வலிமையை ஆராயாமல் சுத்தி செய்வதை அது ஏற்பதில்லை. பத்து நாள் இனிப்புச் சாற்றை அந்நூலின் கணக்கில் எழுத இடமே இல்லை.

குளிர் மிகுந்த நாடுகளில் வசந்தம் உண்மையிலேயே மாற்றுவது ஒளியை. பகல் நீள்கிறது, வெயிலில் தோல் மீண்டும் வைட்டமின் டி உண்டாக்கத் தொடங்குகிறது, வெளியே நடமாடுவது எளிதாகிறது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடலின் உட்கடிகாரம் ஒழுங்குபட்டு, இரவில் உறக்கம் உரிய நேரத்துக்கு வருகிறது; ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. ஆகவே காலையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். பழத்தைச் சாறாக்காமல், உங்கள் மருத்துவர் சொன்ன அளவில் முழுதாகத் தின்னுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

பயிற்சியாளரை மறுபடி சந்தித்தால், வெளியேறப்போகும் நச்சின் பெயர் என்ன, அது வெளியேறியதை எந்தப் பரிசோதனையில் காட்டுவார் என்று மட்டும் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.