என்.ஆர்.எஃப்.2 எதிர்ப்பொருள் காட்டும் இரண்டு பட்டைகளில் எதை நம்புவது?

முயலில் உருவாக்கிய பாலிகுளோனல் எதிர்ப்பொருளால் என்.ஆர்.எஃப்.2 என்னும் படியெடுப்புக் காரணியை (மரபணுக்களின் செயல்பாட்டை முடுக்கும் புரதத்தை) தேடியபோது, புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் 68 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே அழுத்தமான பட்டையும் 100-க்குப் பக்கத்தில் மங்கலான ஒன்றும் தெரிந்ததாகவும், கணக்கிட்ட எடையோடு ஒத்துப்போகும் கீழ்ப்பட்டையையே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

605 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் கணக்குப்படி ஏறத்தாழ 68 கிலோடால்டன்தான். ஆனால் ஜெல்லில் அது 95-க்கும் 110-க்கும் இடையில்தான் ஓடும். அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம்.

மேல்பட்டை மங்கியிருப்பதும் இயல்பே. வேதி நெருக்கடி எதுவும் இல்லாத செல்லில் கீப்1 என்னும் புரதம் என்.ஆர்.எஃப்.2-ஐப் பிடித்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால், அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடங்களைத் தாண்டுவதில்லை. எனவே செல்களுக்குச் சில மணி நேரம் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்.ஜி.132 அல்லது கீப்1-இன் பிடியைத் தளர்த்தும் சல்ஃபோராஃபேன் கொடுத்து, கொடுக்காதவற்றோடு அருகருகே ஓட்டிப் பாருங்கள். உங்கள் எதிர்ப்பொருள் சரியானதாக இருந்தால் மேல்பட்டை தெளிவாக அழுத்தமாகும். கீப்1 மரபணுவில் பிறழ்வுள்ள ஏ549 நுரையீரல் புற்றுநோய்ச் செல்களில் மருந்து எதுவுமின்றியே என்.ஆர்.எஃப்.2 நிறைந்திருக்கும் என்பதால், நான் எப்போதும் அவற்றையே நேர்மறைக் கட்டுப்பாடாக (பட்டை தெரிந்தே ஆக வேண்டிய மாதிரியாக) வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் முடிவான சோதனை, என்.ஆர்.எஃப்.2 மரபணு நீக்கப்பட்ட செல்தான்; உண்மையான பட்டை அதில் மறைய வேண்டும். அத்தகைய செல் கிடைக்காவிட்டால், மரபணுவின் செய்தியை அழிக்கும் சிறு ஆர்.என்.ஏ.வான எஸ்ஐ-ஆர்.என்.ஏ. மூலம் அளவைக் குறைத்த செல். எதிர்ப்பொருளோடு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) கலந்து பட்டை மறைகிறதா என்று பார்க்கும், பலர் நம்பியிருக்கும் பெப்டைடு தடுப்புச் சோதனையை நான் போதுமானதாகக் கருதுவதில்லை. நோயெதிர்ப்பூட்டப் பயன்படுத்திய அதே பெப்டைடைச் சேர்த்தால், அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் தவறாக ஒட்டிய வேறு புரதத்தின் பட்டையும் சேர்ந்தே மறைந்துவிடும். பட்டை மறைந்தது என்பதற்காக அது என்.ஆர்.எஃப்.2 ஆகிவிடாது.

பாலிகுளோனல் என்பது, புரதத்தில் எதிர்ப்பொருள் ஒட்டும் இடங்களான எபிடோப்புகள் பலவற்றைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களின் கலவை. குறைவாக உள்ள புரதத்தையும் அது காட்டிக்கொடுப்பது அதனால்தான். முயல் மாறினால், ஏன், அதே முயலிடம் வேறொரு நாளில் எடுத்த சீரமாக இருந்தாலும், கலவை மாறிவிடுவதும் அதனால்தான். ஆகவே லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்ணை) குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஏ549 செல்களின் லைசேட்டையும் (செல்களை உடைத்தெடுத்த கரைசலையும்) மரபணு நீக்கிய செல்களின் லைசேட்டையும் சிறு பகுதிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் சேமித்து, புதிய லாட் வந்தவுடன் பழையதோடு ஒரே நாளில் ஒப்பிட்ட பிறகே உங்கள் மாதிரிகளைத் தொடுங்கள்.