'யார்ட்' எல்லா இடத்திலும் முற்றம் ஆகாது

வணக்கம். அமெரிக்கச் சிறுகதையை மொழிபெயர்க்கையில் இடத்தைக் குறிக்கும் 'யார்ட்' எல்லாவற்றையும் 'முற்றம்' என்று போட்டதால் கதாநாயகன் முற்றத்தில் புல் வெட்டுகிறான், அளவாக வரும் '3 யார்ட் மண்' 3 கெஜம் ஆகிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

எழுத்து ஒன்றானாலும் சொற்கள் இரண்டு. இடத்தைக் குறிக்கும் 'யார்ட்' பழைய ஆங்கிலத்தில் வேலியடைத்த நிலம்; 'கார்டன்' இதற்கு உறவு, பழத்தோட்டத்தைக் குறிக்கும் 'ஆர்ச்சர்ட்' சொல்லின் பின்பாதியும் இதுவே. அளவு 'யார்ட்' கோல், கம்பு என்ற வேறொரு சொல்லின் வழி வந்தது. பாய்மரத்தின் குறுக்குக்கட்டைக்கும் அதே பெயர்தான். கடல் கதைகளில் கவனம் தேவை.

அமெரிக்காவில் வீட்டைச் சுற்றிய புல்தரையே 'யார்ட்'. அதனால் 'பேக்யார்ட்' வந்தால் கொல்லை அல்லது புழக்கடை, முன்பக்கம் என்றால் 'வாசல் புல்தரை' என்று எழுதுங்கள். பிரிட்டிஷ் கதை என்றால் நிலைமை தலைகீழ்: செடி, புல் இருப்பது 'கார்டன்', 'யார்ட்' பெரும்பாலும் கல்லோ சிமெண்டோ பாவிய சிறு வெளி. அங்கே புல்லை நுழைத்துவிடாதீர்கள். நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த 'கோர்ட்யார்ட்' ஒன்றுக்குத்தான் 'முற்றம்' கச்சிதமாக உட்காரும்.

மண் விஷயம்: துணிக்கு ஒரு யார்டு என்றால் 36 அங்குலம், நம் கெஜம். லாரியில் வரும் மண், ஜல்லி, கான்கிரீட்டுக்கு அமெரிக்கர்கள் 'யார்ட்' என்றால் அது கன யார்டு, 27 கன அடி. ஆக உங்கள் வரி '81 கன அடி மண்'. கதைக்கு எண் முக்கியமில்லை என்றால் 'ஒரு குவியல் மண்' என்றே விடலாம்.