சப்போர்ட் வண்டியோட போற குரூப் சைக்கிள் டூருக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி என்னெல்லாம் கேக்கணும்? ஓட்ட முடியலன்னா வேன்ல ஏத்திருவாங்களா?

இந்தக் கேள்விய பாத்துட்டு ரெண்டு நாள் ஒண்ணும் எழுதாம இருந்தேன், ஏன்னா இதப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு இன்னும் கோவம் வருது. ஆனா கீழ விளக்கத்துல "நான் 40 கிலோமீட்டருக்கு மேல ஓட்டினதில்ல, டூர்ல ஒரு நாளைக்கு 80, 90 வருது, பின்தங்கிட்டா வேன்ல ஏத்திருவாங்களாமே, அசிங்கமா இருக்காதா"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் உக்காந்து எழுதறேன்.

நீங்க வாரக்கடைசில மட்டும் ஓட்டறவங்க, லீவு சொல்லி, கைக்காசு சேத்து வச்சு முத தடவ போறீங்கன்னு எடுத்துக்கறேன். அப்படி இல்லன்னா மன்னிச்சுக்கோங்க.

எனக்கு 51 வயசு, திருச்சில அரசுப் பள்ளி டீச்சர். 2019 டிசம்பர் அரையாண்டு லீவுல ஒரு டூருக்கு காசு கட்டினேன். பாண்டிச்சேரில ஆரம்பிச்சு சிதம்பரம், காரைக்கால், வேதாரண்யம், பட்டுக்கோட்டை, தொண்டி, கடைசில ராமேஸ்வரம். ஆறு நாள், 22 பேரு, ரெண்டு வண்டி. நடத்தினவங்க பேரு சொல்ல மாட்டேன், அவங்கள இழுத்துப் போட்டு அடிக்கறதுக்காக இத எழுதல. நோட்டீஸ்ல "முழு சப்போர்ட்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கல. அதான் நான் பண்ணின தப்பு.

மொத நாலு நாள் குறையே சொல்ல முடியாது. டிசம்பர்ல வடகிழக்குக் காத்து, தெக்கப் பாத்து ஓட்டறவங்களுக்கு முதுகுல கை வச்சுத் தள்ளற மாதிரி இருக்கும். தரங்கம்பாடி கோட்டைல கால நீட்டி உக்காந்தது, வேளாங்கண்ணி தாண்டி ஒரு கடைல சுடச்சுட இடியாப்பம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தெனமும் கடைசி. அதுல எனக்கு வெக்கம் இல்ல, மணிக்கு 15, 16 கிலோமீட்டர்தான் என் வேகம், அத மொதல்லயே ஃபாரத்துல எழுதிக் கொடுத்திருந்தேன்.

அஞ்சாவது நாள் பட்டுக்கோட்டைல இருந்து தொண்டி. சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம்னு கடலோரமாவே ரோடு போகும். மீமிசல் தாண்டினதும் ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான், நெழல்னு ஒண்ணு கிடையாது. அங்க பின் டயர்ல காத்து எறங்கிடுச்சு. என்கிட்ட ஒரு ஸ்பேர் ட்யூப் இருந்துச்சு, மாத்தினேன், ரெண்டு கிலோமீட்டர் போகல, மறுபடி எறங்குது. இப்ப காரணம் தெரியும், அன்னைக்குத் தெரியாது. ட்யூப்ப மாத்தறதுக்கு முன்னாடி ஒரு பழைய பனியன் துணிய டயருக்கு உள்பக்கமா சுத்தித் தடவணும், முள்ளு முனை துணில மாட்டும், அத குறடு வச்சுப் பிடுங்கி எடுக்காம புது ட்யூப் போட்டா அதே முள்ளு அதையும் குத்தும். இத மொத நாள் காலைல பத்து நிமிஷம் ஒக்கார வச்சு சொல்லிக் கொடுத்திருந்தா போதும். யாரும் சொல்லல.

மணி பதினொன்னே முக்கால். ஒட்டலாம்னு பாத்தா பேட்ச் சொல்யூஷன் ட்யூப்லயே காஞ்சு கெடக்கு. பாட்டில்ல ரெண்டு மடக்குத் தண்ணி. போன் போட்டேன். "மேடம், ரெண்டு வண்டியும் தொண்டிக்கு வந்துடுச்சு, இங்க சாப்பாடு போயிட்டு இருக்கு, நீங்க பக்கத்துல ஏதாவது கடைல ஒட்டிட்டு வந்துடுங்க"ன்னாங்க. பக்கத்துல கடைன்னா எது? எனக்கு முன்னாடி ரோடு, பின்னாடி ரோடு, அவ்வளவுதான்.

ஒன்னே முக்கால் மணி நேரம் தள்ளிக்கிட்டும் நின்னுக்கிட்டும் இருந்தேன். மீன் வித்துட்டு காலி கூடையோட டிவிஎஸ் எக்ஸெல்ல வந்த ஒரு அண்ணே வண்டிய நிறுத்தி, "என்னம்மா தனியா நிக்கிறீங்க"ன்னு மொதல்ல தண்ணி பாட்டில நீட்டினாரு. அப்புறம் பின் சக்கரத்தக் கழட்டி வாங்கி கூடைக்குள்ள வச்சு, என்ன சைக்கிளுக்குப் பக்கத்துல ஒரு துண்டு விரிச்சு உக்காரச் சொல்லிட்டு, சுந்தரபாண்டியன்பட்டினம் போயி ஒட்டிக் கொண்டாந்து கொடுத்தாரு. கடைக்காரரு ட்யூப்ப தண்ணி வாளில அமுக்கி அமுக்கி மூணு எடத்துல குமிழி வந்ததா சொன்னாராம். முள்ளையும் எடுத்து ஒரு பேப்பர்ல மடிச்சு அனுப்பியிருந்தாரு, முக்கால் இஞ்ச் இருக்கும். அந்த அண்ணே என்கிட்ட ஒட்டின கூலி மட்டும்தான் வாங்கிக்கிட்டாரு, பெட்ரோலுக்கு எவ்வளவு சொல்லியும் வாங்கல.

தொண்டி போறப்ப மணி மூணே கால். சாப்பாடு தீந்துடுச்சு. சரி போகட்டும். ராத்திரி மீட்டிங்ல எல்லாரு முன்னாடியும், "நாளைக்கு நூறு கிலோமீட்டர், நம்ம கட்-ஆஃப்படி மேடம் வேன்ல வந்துடுவாங்க"ன்னு அறிவிச்சாங்க. கட்-ஆஃப்னு, அதாவது எவ்வளவு பின்தங்கினா வேன்ல ஏத்துவாங்கங்கற கணக்குன்னு, ஒண்ணு இருக்கறதே எனக்கு அப்பதான் தெரியும். எந்த பேப்பர்லயும் இல்ல. நான் எட்டு மாசம் காவிரிப் பாலத்துல காலைல அஞ்சரை மணிக்கு ஓட்டிப் பழகினது பாம்பன் பாலத்த சைக்கிள்ல தாண்டணும்னுதான். அந்தப் பாலத்த வேன் ஜன்னல் வழியா பாத்தேன். கூட இருந்தவங்களுக்கு நான் அழுதது தெரியாது.

டூர் நடத்தறவங்க யாராவது கமெண்ட்ல வந்து "ஒரு ஆளுக்காக வண்டிய நிறுத்தினா மத்த 21 பேருக்கு யாரு பொறுப்பு"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், நானும் இப்ப நடத்தறேன், செலவும் தெரியும், டென்ஷனும் தெரியும். வேன்ல ஏத்தறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. எப்ப ஏத்துவோம்ங்கறத காசு வாங்கறதுக்கு முன்னாடி சொல்லணும், ரெண்டு வண்டியும் ஒரே நேரத்துல முன்னாடி போகக் கூடாது, இவ்வளவுதான் சொல்றேன்.

அதனால நீங்க மொதல்ல கேக்க வேண்டியது: "கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரு வருவா?" இதுக்கு ஒரு ஆளு பேரச் சொல்லி பதில் வரணும். "எங்க வண்டி ரோடு முழுக்க சுத்திட்டே இருக்கும்"னு சொன்னா கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரும் இல்லன்னு அர்த்தம்.

2022 டிசம்பர்ல இருந்து நாங்க எட்டு பேரு சேந்து இதே ரூட்ட சொந்தமா வருஷா வருஷம் போறோம், இப்ப 14 பேரு ஆயிட்டோம், அதுக்கு மேல சேக்கறதில்ல. ஒரு வேன், ஒரு குட்டி யானை, அதான் டாடா ஏஸ் சின்ன லாரி. வேன் முன்னாடி போயி 20, 25 கிலோமீட்டருக்கு ஒரு தடவ தண்ணி, வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பு போட்ட மோர் வச்சுட்டு நிக்கும். குட்டி யானை எக்காரணம் கொண்டும் கடைசி சைக்கிளத் தாண்டாது. கடைசி சைக்கிள் எப்பவும் ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் எங்க ஆளு, பம்பு, ட்யூப், மருந்துப் பை எல்லாம் அவங்க முதுகுல. பெரும்பாலும் நான்தான்.

கட்-ஆஃப் நாங்களும் வச்சிருக்கோம், ஆனா வேகத்த வச்சு இல்ல, வெளிச்சத்த வச்சு. டிசம்பர் கடைசில ஆறு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிடும், அதனால அஞ்சரைக்கு எங்க இருந்தாலும் சைக்கிள் வண்டில ஏறிடும், அது நானா இருந்தாலும் சரி. அது போக மயக்கம், வாந்தி, வேர்க்கறது நின்னு போறது, இடி மின்னல், இதுக்கெல்லாம் பேச்சே இல்ல, ஏறணும். மத்தபடி ஏறறதும் ஏறாததும் ஓட்டறவரு இஷ்டம். ஏறினவங்க பத்து கிலோமீட்டர் தள்ளி எறங்கி மறுபடி ஓட்டலாம். 64 வயசுல ஒரு சார் வர்றாரு, தெனமும் மதியம் ஒரு மணி நேரம் குட்டி யானைல டிரைவர் பக்கத்துல தூங்குவாரு, சாயந்திரம் எங்களுக்கு முன்னாடி ஓட்டுவாரு. இதுல என்ன அசிங்கம்? வண்டிக்கும் சேத்துத்தானே காசு கட்டியிருக்கீங்க.

சாப்பாடு பத்தி ஒரே விதி, கடைசி ஆளோட பங்க எடுத்து மூடி வச்சுட்டுத்தான் மொத ஆளுக்குப் பரிமாறணும்.

பொண்ணுங்க போனீங்கன்னா டாய்லெட் எங்கன்னு கேளுங்க, கூச்சமே படாதீங்க. 2019ல "போற வழில பாத்துக்கலாம்"னாங்க, அந்த ஆறு நாளும் நான் தண்ணி கொறச்சுக் குடிச்சேன், அந்த வெயில்ல அது எவ்வளவு ஆபத்து. இப்ப தண்ணி நிறுத்தற எடத்த எல்லாம் முடிஞ்சவரை பெட்ரோல் பங்க்லயே வச்சுக்கறோம். பங்க்ல டாய்லெட், குடிதண்ணி, காத்து எல்லாம் இலவசமா கொடுக்கணும்ங்கறது விதி, பூட்டி வச்சிருந்தா சாவி கேளுங்க. காத்து அடிக்க மட்டும் உங்க சைக்கிள் ஒல்லி வால்வா, அதான் பிரெஸ்டா, இருந்தா ஒரு சின்ன பித்தளை அடாப்டர் வேணும், விலை ரொம்ப கம்மி, ரெண்டா வாங்கி வச்சுக்கோங்க.

ஸ்பேர் விஷயத்துல "மெக்கானிக் வர்றாரு"ங்கறத மட்டும் நம்பி போகாதீங்க. ட்யூப், பிரேக் கட்டை, செயின் லிங்க் எல்லாம் அவருகிட்ட இருக்கும், ஆனா கியர் மாத்தற டெரெய்லர ஃப்ரேமோட பிடிச்சு வச்சிருக்கற ஹேங்கர்னு ஒரு சின்னத் துண்டு இருக்கு, அது ஒவ்வொரு மாடலுக்கும் வேற வேற. சைக்கிள் வலது பக்கமா சாஞ்சு விழுந்தாலே வளைஞ்சிடும். உங்க மாடலுக்கு உள்ளத நீங்கதான் முன்கூட்டியே வாங்கி எடுத்துட்டுப் போகணும், வழில எந்த ஊர்லயும் கிடைக்காது. எங்ககூட வந்த ஒரு பையனுக்கு நாகப்பட்டினத்துல அது ஒடைஞ்சு, மிச்சம் நாலு நாள் வண்டிலயே வந்தான், பாவம்.

அப்புறம் காசு. கட்டணத்துல ரூம், சாப்பாடு, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் அடக்கமா, ரூம்ல ஒருத்தரா ரெண்டு பேரா, வர முடியலன்னா எத்தனை நாளைக்கு முன்னாடி சொன்னா எவ்வளவு திரும்ப வரும், நமக்குப் பதிலா வேற ஆள அனுப்பலாமா, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க, வாட்ஸ்அப்ல வந்தாலும் போதும். டிரைவர் எங்க படுப்பாருன்னும் கேளுங்க. நெறைய பேரு இத கேக்கறதே இல்ல. 2019ல அந்த ரெண்டு அண்ணனுங்களும் வண்டிலயே கொசுக்கடில படுத்தாங்க. நாள் பூரா மணிக்கு 15 கிலோமீட்டர்ல சைக்கிளுக்குப் பின்னாடி ஊர்ந்து வர்றவரு ராத்திரி தூங்கலன்னா அது நம்ம முதுகுக்குத்தான் ஆபத்து. நாங்க டிரைவருங்களுக்கும் ஒரு ரூம் போடறோம், ஆளுக்குக் கொஞ்சம் கூட வருது, அவ்வளவுதான்.

ஹெல்மெட் இல்லாம ஏறவே விடக்கூடாது, காதுல ஹெட்போன் கூடாது, பின் லைட் பகல்லயும் எரியணும், நாலு நாலு பேரு ஒரு செட்டா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஒத்தை வரிசைல போகணும். இத கண்டிப்பா சொல்றவங்கள நம்பிப் போகலாம்.

சம்பந்தம் இல்லாம ஒண்ணு சொல்லிக்கறேன், மனசுல கெடந்து உறுத்துது. இத்தனையும் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தா எங்க ஃப்ளாட்ல சைக்கிள லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுங்கறாங்க. கீழ நிறுத்த எடம் கேட்டா கார் பார்க்கிங் வாங்கினவங்களுக்கு மட்டும்தானாம். மூணு வருஷமா உறை போட்டு மூடின ஒரு கார் அங்கயே நிக்குது, அத ஒருத்தரும் கேக்கறதில்ல. பன்னெண்டு கிலோ சைக்கிள நான் மூணு மாடி தோள்ல தூக்கிட்டு ஏறறேன். சைக்கிள் ஓட்டினா உடம்புக்கு நல்லதுன்னு அசோசியேஷன் குரூப்ல தெனம் காலைல ஒரு மெசேஜ் மட்டும் வருது.

சரி, பாம்பனுக்கு வர்றேன். 2022ல ஆறாவது நாள், மண்டபத்துல வேன ஓரமா நிறுத்தி எல்லாரையும் ஒண்ணு சேத்தோம். 1988ல தெறந்த ரோடு பாலம் அது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல மேடு. அந்த மாசத்துல காத்து இடது பக்கம் முன்னால இருந்து வரும். பஸ் ஒண்ணு நம்மளத் தாண்டறப்ப காத்து திடீர்னு மாறி சைக்கிள ஆட்டிடும், அதனால பஸ் சத்தம் கேட்டா ரெண்டு கையும் ஹேண்டில்ல கெட்டியா இருக்கணும், போட்டோவுக்குன்னு யாரும் நிக்கக் கூடாது, பால இணைப்பு இரும்புப் பட்டைய நேராத்தான் ஏறணும்னு சொல்லிட்டு ஒவ்வொருத்தரா விட்டோம். கடைசியா நான். எனக்குப் பின்னாடி குட்டி யானை, மெதுவா, ஹெட்லைட் போட்டுக்கிட்டு, ஹார்ன் அடிக்காம. மேட்டுல ஏறறப்ப என் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும். டிரைவர் அண்ணே அதே எட்டுல வந்தாரு.

போன வருஷம் மீமிசல் தாண்டி அந்த எடத்துல வண்டிய நிறுத்தி மீன்கார அண்ணனப் பத்தி விசாரிச்சேன், யாருக்கும் தெரியல. இந்த டிசம்பரும் கேப்பேன். இந்தத் தடவ அந்த 14ல ரெண்டு எடம் காலியா இருக்கு, 15 கிலோமீட்டர் வேகம் போதும், வர்றதா இருந்தா கீழ எழுதுங்க.